நுண்பளிங்கும் மாசும்
மாசூட்டிய குறைகடத்திகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

மாசு என்னும் சொல் நமது வழக்கிலே குற்றத்தைக் குறிப்பது. மணிக்கும் பொன்னுக்கும் மாசின்மையே பெருமை தருவதெனக் கொள்வது நமது மரபு. இரசாயனமும் நெடுங்காலம் இக்கொள்கையையே போற்றி வந்தது. ஒரு சேர்வையைத் தூய்தாக்கிய பின்னரே அதன் இயல்பைக் கூற முடியும் என்பது அத்துறையின் முதற் பாடம். ஆயின் ஒளிரும் பொருள்களின் வரலாற்றை ஆராய்வோர் இதற்கு மாறான உண்மையொன்றைக் காண்பர். அப்பொருள்களுட் பலவற்றில் ஒளி தருவது பளிங்கன்று. பளிங்கினுள் நூற்றிலொரு பங்காகவோ ஆயிரத்திலொரு பங்காகவோ புகுந்துள்ள அயல் அணுவேயாகும். அந்த அயல் அணுவை வேண்டுமென்றே புகுத்துதல் மாசூட்டல் எனப்படும்.

பளிங்கின் பருமன் ஒருசில நனோமீற்றராகக் குறுகும்போது மாசூட்டல் புதியதொரு சிக்கலைத் தோற்றுவிக்கின்றது. இக்கட்டுரை அத்தகைய பளிங்குகளை நுண்பளிங்கு எனக் குறிக்கும். கரைசலிலே இட்ட மாசு பளிங்கினுள்ளே உண்மையாகப் புகுந்ததா, அன்றி அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டதா, அன்றிப் புறத்தே தனித்து நின்றதா என்பதே அச்சிக்கல். ஒளிர்வுக்காகவும் ஒளியூக்கலுக்காகவும் மாசூட்டிய நுண்பளிங்குகளை ஆக்கி ஆராய்ந்தோரின் வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு வினாவின் வரலாறேயாகும் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒளிரும் கல்லிலிருந்து ஒளித்திரை வரை

1603 ஆம் ஆண்டளவில் இத்தாலியின் பொலோனா நகரில் வாழ்ந்த வின்சென்சோ கசியரோலோ என்னும் சப்பாத்துத் தொழிலாளி, நகருக்கு அண்மையிலுள்ள மலையிற் பொறுக்கிய பாரமான கல்லொன்றைக் கரியுடன் சேர்த்துச் சுட்டார். பகலிலே வெயிலில் வைத்த அக்கல் இரவிலே இருளில் ஒளிர்ந்தது. அவர் எதிர்பார்த்தது பொன். கிடைத்தது பொலோனாக் கல். அக்கல் பேரியஞ்சல்பேற்றாகும், கரியுடன் சுட்டபோது அது பேரியஞ்சல்பைட்டாக மாறிற்று. இதனை வேதியியலார் பிற்காலத்தில் எளிதிற் கண்டுகொண்டனர். ஆனால் ஒளிர்வின் காரணம் நானூறு ஆண்டுகள் தெளிவுபடாதிருந்தது. 2012 இல் வெளிவந்த ஆய்வொன்றே, கல்லிற் சுவடாகக் கலந்திருந்த ஒருவலுவளவுச் செம்பயன் அவ்வொளிர்வுக்குக் காரணம் என எடுத்துக்காட்டிற்று. மனிதன் செயற்கையாக ஆக்கிய முதல் நிலைத்தொளிர் பொருளும் மாசினாலேயே ஒளிர்ந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத் தக்கது.

மாசின் பங்கைத் தெளிவாகக் காட்டியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றினர். பிரெஞ்சு இரசாயனவறிஞர் ஒகுஸ்த் வேர்னேய் 1886 இல், கல்சியஞ்சல்பைட்டின் வன்மையான ஒளிர்வுக்கு அதிற் கலந்த பிசுமதுச் சுவடே காரணம் என நிறுவினார். 1889 முதல் ஜேர்மனியரான பிலிப் இலேனாட்டு, கிளாற்று என்பவருடன் சேர்ந்து இத்தகைய பொருள்களை ஒழுங்காக ஆராய்ந்து, பொருளைத் தாங்கும் பளிங்கு, அதில் ஒளிர்வை எழுப்பும் உலோகச் சுவடு, இரண்டையும் இணைக்க உதவும் உருகுபொருள் என மூன்று கூறுகளை வகுத்தார்.

நாகசல்பைட்டின் கதையும் இதனோடு ஒத்ததே. 1866 இல் பிரான்சிலே தெயோடோர் சிடோ ஒளிரும் நாகசல்பைட்டுப் பளிங்குகளை ஆக்கினார். அப்பொருள் அவர் பெயராலேயே நெடுங்காலம் வழங்கிற்று. 1903 இல் உவில்லியம் குரூக்சு, நாகசல்பைட்டுத் திரையில் அல்பாத் துணிக்கைகள் படும்போது தோன்றும் தனித்தனி மின்னல்களை உருப்பெருக்கியாற் காட்டும் சிறு கருவியை அமைத்தார். மஞ்செஸ்ரரிலே 1909 இல் கைகரும் மார்சுடனும் பொற்றகட்டிற் சிதறிய அல்பாத் துணிக்கைகளை எண்ணியதும் அத்தகைய திரையில் தோன்றிய மின்னல்களைக் கண்ணாற் பார்த்தேயாம். அணுக்கரு உண்டென றதபோட்டு 1911 இல் முடிவு செய்தபோது அவருக்குச் சான்று தந்தது ஒளிரும் நாகசல்பைட்டே எனலாம். 1936 இல் பாரிசிலே யோர்ச் தெஸ்திரியோ, ஆமணக்கெண்ணெயிற் பரவிய நாகசல்பைட்டுத் தூளுக்கு மாறுமின்புலத்தை ஏற்றி அதனை ஒளிரச் செய்தார். பின்னாளில் வெள்ளியை ஏற்ற நாகசல்பைட்டு நீல ஒளியையும், செம்பை ஏற்றது பச்சை ஒளியையும் தந்து நிறத் தொலைக்காட்சித் திரைகளை நிரப்பின. மங்கனீசை ஏற்றது செம்மஞ்சள் ஒளி தந்தது. பளிங்கு ஒன்றே, மாசு மாற நிறம் மாறிற்று.

மாசு எவ்வாறு தொழிற்படுகிறது?

குறைகடத்தியொன்றில் இலத்திரன்கள் நிறைந்த வலுவளவுப் பட்டைக்கும் வெறுமையான கடத்தற் பட்டைக்கும் இடையே ஒரு சத்தி இடைவெளி உண்டு. அவ்விடைவெளியினும் கூடிய சத்தியையுடைய ஒளி படும்போது இலத்திரனொன்று மேற்பட்டைக்குச் செல்ல, கீழ்ப்பட்டையில் ஒரு துளை எஞ்சுகின்றது. இவ்விலத்திரனும் துளையும் மீளச் சேர்ந்தால் ஒளியோ வெப்பமோ பிறக்கும். சேராது மேற்பரப்பை அடைந்தால் இலத்திரன் அங்குள்ள ஒரு பொருளைத் தாழ்த்தும். துளை பிறிதொன்றை ஒட்சியேற்றும். முன்னையது ஒளிர்வு, பின்னையது ஒளியூக்கல். ஆகவே இவ்விரண்டும் ஒரே தொடக்கத்தையும் எதிரெதிரான முடிவுகளையும் உடையன. ஒளிர்வை நாடுவோர் இலத்திரனும் துளையும் ஓரிடத்திற் கூடுவதை விரும்புவர். ஒளியூக்கலை நாடுவோர் அவை பிரிந்து நிற்பதை விரும்புவர்.

மாசணு இடைவெளியினுள்ளே புதிய சத்தி மட்டங்களைத் தோற்றுவிக்கும். நாகசல்பைட்டிலே நாக அயனின் இடத்தைப் பெறும் ஈரலுவளவு மங்கனீசு அயனை எடுத்துக்கொள்வோம். பளிங்கு ஏற்ற சத்தி இவ்வயனுக்குக் கைமாற, அதன் உள்ளிலத்திரன்கள் அருட்டப்படுகின்றன. அவை மீளும்போது ஏறத்தாழ 590 நனோமீற்றர் அலைநீளமுடைய செம்மஞ்சள் ஒளி வெளிப்படுகின்றது. இம்மீட்சியில் இலத்திரனொன்றின் தற்சுழற்சி திசைமாற வேண்டியிருத்தலால் அது சத்திச்சொட்டுப் பொறியியலின் தேர்வு விதிகளாற் பெரிதும் தடுக்கப்படுகின்றது. ஆதலின் மங்கனீசின் ஒளிர்வு மில்லிசெக்கன் அளவில் மெதுவாகத் தேய்கின்றது. இந்த மந்தகதி பின்னர் ஒரு பெரும் விவாதத்திற்குக் காரணமாயிற்று.

பளிங்கு சிறுத்தபோது

1981 இல் லெனின்கிராட்டிலுள்ள வவிலோவ் ஒளியியல் நிறுவகத்தில் அலெக்சி எக்கிமோவும் ஒனுஷ்சென்கோவும் கண்ணாடியினுள் விளைந்த செப்புக்குளோரைட்டு நுண்பளிங்குகளை ஆராய்ந்தனர். பளிங்கு சிறுக்கச் சிறுக்க அது உறிஞ்சும் ஒளி நீலப்பக்கம் நகர்ந்தது. ஒரே சேர்வை, ஒரே கட்டமைப்பு. ஆயினும் பருமன் மாற நிறம் மாறிற்று. சிறு வெளியில் அடைபட்ட இலத்திரனின் சத்தி பளிங்கின் ஆரையின் வர்க்கத்திற்கு நேர்மாறாக உயரும் என்பதை எபுரோசு சகோதரர் 1982 இல் கொள்கையளவில் விளக்கினர். 1983 இல் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடங்களில் லூயி புருசு, நீரிற் கூழாக மிதந்த கட்மியஞ்சல்பைட்டுத் துணிக்கைகளிலும் இவ்விளைவைக் கண்டார்.

புருசு ஆதியில் நாடியது நிறமன்று. சூரிய ஒளியால் இரசாயனத் தாக்கங்களை நடாத்த இயலுமா என்பதே அவரது வினா. துணிக்கைகளைச் சிறிதாக்கியது மேற்பரப்பைப் பெருக்குவதற்காக. பேர்லினிலே ஆர்னிம் ஹெங்லைனும் அக்காலத்தில் கூழ்நிலைச் சல்பைட்டுகளின் ஒளிரசாயனத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆகவே ஒளிர்வும் ஒளியூக்கலும் நுண்பளிங்குத் துறையில் ஒரே வீட்டிற் பிறந்த பிள்ளைகள் எனலாம். 1993 இல் மசச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்தில் மரே, நொரிசு, பவெண்டி ஆகியோர், சூடான கரைப்பானுள் வினைபொருள்களைத் திடீரெனச் செலுத்தி ஏறத்தாழ ஒரே பருமனுடைய நுண்பளிங்குகளை ஆக்கும் முறையை வெளியிட்டனர். எக்கிமோவ், புருசு, பவெண்டி ஆகிய மூவரும் 2023 ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசைப் பெற்றனர்.

1994: ஒரு பேருரிமைக் கூற்று

மாசினால் நிறம் மாறும். பருமனாலும் நிறம் மாறும். இரண்டையும் ஒன்றுசேர்த்தால் என்ன நிகழும்? 1994 இல் ஆர். என். பார்கவாவும் கலகர், ஹொங், நூர்மிக்கோ ஆகியோரும் இவ்வினாவுக்கு வியப்பூட்டும் விடையொன்றை அளித்தனர். ஒருசில நனோமீற்றர் பருமனுடைய, மங்கனீசூட்டிய நாகசல்பைட்டு நுண்பளிங்குகளின் ஒளிர்வு வினைத்திறன் 18 சதவீதம் எனவும், மங்கனீசின் ஒளிர்வு மில்லிசெக்கனில் அன்றி நனோசெக்கனிலேயே தேய்கின்றது எனவும் அவர்கள் அறிவித்தனர். அதாவது பெரும்பளிங்கினும் ஒரு இலட்சம் மடங்கு விரைவு. பளிங்கு சிறுத்தமையால் அதன் இலத்திரன் நிலைகளும் மங்கனீசின் உள்ளிலத்திரன் நிலைகளும் ஒன்றோடொன்று கலந்தன. அதனால் முன்னர் தடுக்கப்பட்டிருந்த மீட்சி தடை நீங்கிற்று என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இக்கூற்றின் விளைவுகளை எண்ணிப் பார்த்தால் அது எழுப்பிய ஆர்வம் விளங்கும். விரைவாக ஒளிரும் பொருள் மிகுந்த அருட்டலிலும் தெவிட்டாது ஒளிரும். காட்சித்திரைகளுக்கும் ஒளிக்கருவிகளுக்கும் அத்தகைய பொருள் பெரிதும் வேண்டப்பட்டது. மேலும், மாசின் சத்திமட்டங்களுக்கு இடையிலான தேர்வு விதியையே பளிங்கின் பருமனாற் தளர்த்தலாம் என்பது அடிப்படை விஞ்ஞானத்தில் ஒரு புதுமை. உலகெங்கும் பல ஆய்வுகூடங்கள் மங்கனீசூட்டிய நாகசல்பைட்டை ஆக்கத் தொடங்கின. இது செலவு மிகுந்த கருவிகளை வேண்டாத ஆக்கம். நாக உப்பும் சிறிதளவு மங்கனீசு உப்பும் கரைந்த நீரிலே, துணிக்கைகள் பெருத்துவிடாமற் தடுக்கும் ஒரு மூடுபொருளையும் சேர்த்து, சோடியஞ்சல்பைட்டுக் கரைசலை ஊற்றினாற் போதும். அடுப்பும் வேண்டாம், வெற்றிடமும் வேண்டாம்.

1998: மறுப்பு

நெதர்லாந்தின் உத்ரெக்ற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போலும் மைஜரிங்கும் 1998 இல் இதே பொருளை ஆக்கி, ஒளிர்வின் தேய்வை நனோசெக்கன் எல்லையிலும் மில்லிசெக்கன் எல்லையிலும் தனித்தனியே அளந்தனர். விரைவாகத் தேய்ந்த ஒளி மங்கனீசினுடையதன்று. நாகசல்பைட்டுப் பளிங்கின் குறைபாடுகளிலிருந்து எழும் அகன்ற நீல ஒளிர்வின் வால், செம்மஞ்சட் பகுதி வரை நீண்டு மங்கனீசின் ஒளியோடு கலந்திருந்தது. அந்த விரைவொளி அடங்கிய பின்னர் அளந்தபோது மங்கனீசின் ஒளிர்வு ஏறத்தாழ 1.9 மில்லிசெக்கன் ஆயுளுடன் தேய்ந்தது. இது பெரும்பளிங்கிற் காண்பதற்கு ஒப்பானதே. வேறு ஆய்வாளரின் அளவீடுகளும் இம்முடிவையே வலியுறுத்தின.

இதிலுள்ள அளவீட்டு நுட்பம் மாணவர் கவனத்துக்கு உரியது. ஒரு மில்லிசெக்கன் நீடிக்கும் ஒளியைச் சில நூறு நனோசெக்கன் மாத்திரமே திறந்திருக்கும் சாளரத்தினூடாக நோக்கினால், அது தேய்வதாகவே தெரியாது. மாறாத பின்னணியாகவே தோன்றும். தேய்வதாகத் தெரிவது விரைவான பகுதி மட்டுமே. கருவி காட்டியது பொய்யன்று. ஆயின் வினாவுக்கேற்ற சாளரம் அதுவன்று.

1994 ஆம் ஆண்டுக் கூற்றின் ஒரு பாதி இவ்வாறு வீழ்ந்தது. எனினும் அக்கட்டுரையை வீண் எனத் தள்ளுதல் பொருந்தாது. நுண்பளிங்கை மாசூட்டி ஒளிரச் செய்யலாம் என்னும் அதன் மற்றைப் பாதி நிலைபெற்றது. அதனைச் சோதிக்கப் புகுந்தோரே இத்துறையை ஒழுங்கான அளவீட்டின் மீது நிறுத்தினர்.

புகுந்ததா, ஒட்டியதா?

இனி மையமான வினாவுக்கு வருவோம். 3 நனோமீற்றர் விட்டமுடைய கோளமொன்றின் கனவளவு ஏறத்தாழ 14 கன நனோமீற்றர். நாகசல்பைட்டின் அடர்த்தியைக் கொண்டு கணித்தால் அதனுள் ஏறத்தாழ 350 நாக அணுக்களே அடங்கும். அவற்றுள் ஒன்று மங்கனீசாயின் மாசின் அளவு 0.3 சதவீதத்தை அண்மிவிடுகின்றது. எனவே நுண்பளிங்கில் மாசின் செறிவு என்பது தொடர்ச்சியான அளவன்று. ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணத் தக்கது. மாசணுக்கள் எழுமாறாகப் பரவுமாயின், சராசரி பளிங்குக்கு ஒன்றாக இருக்கும்போதும் நூற்றுக்கு 37 பளிங்குகளில் ஒன்றுமே இராது. இன்னொரு 37 இல் ஒன்று இருக்கும். எஞ்சியவற்றில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். அன்றியும் அக்கோளத்தின் புறத்தேயுள்ள 0.3 நனோமீற்றர் தடிப்புள்ள ஓடு மாத்திரம் மொத்தக் கனவளவின் ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே ஒட்டியதற்கும் புகுந்ததற்கும் இடையிலான வேறுபாடு இங்கு சிறியதன்று. பொருளின் இயல்பையே நிருணயிப்பது.

இதனை அறிய உதவிய கருவிகளுட் தலையாயது இலத்திரன் பரகாந்தப் பரிவு. மங்கனீசின் கருச்சுழற்சி காரணமாக, தனித்து நிற்கும் ஈரலுவளவு மங்கனீசு அயன் ஆறு கோடுகளைத் தரும். அக்கோடுகளின் இடைவெளி, அயன் பளிங்கின் உட்புறத்தில் இருக்கும்போது சிறிதாகவும், மேற்பரப்பில் இருக்கும்போது பெரிதாகவும் அமையும். மங்கனீசு அணுக்கள் கூட்டமாக நெருங்கி நின்றாற் கோடுகள் ஒன்றோடொன்று மயங்கி ஒரே அகன்ற கோடாகிவிடும். எக்சுக் கதிர்க் கோணல் பளிங்கின் கட்டமைப்பையும், கோட்டின் அகலத்தைக் கொண்டு செரரின் 1918 ஆம் ஆண்டுச் சமன்பாட்டின் வழியே அதன் பருமனையும் கூறும். ஆனால் ஒரு சதவீத மாசு எங்கே உள்ளதென்பதை அது பெரும்பாலும் கூறாது. இரசாயனப் பகுப்பும் மொத்தத் தொகையையே கூறும்.

2000 இல் பவெண்டியின் ஆய்வுக்குழுவினர் மங்கனீசூட்டிய கட்மியஞ்செலனைட்டு நுண்பளிங்குகளின் மேற்பரப்பு மூடுபொருளை மாற்றிக் கழுவியபோது, மங்கனீசின் பெரும்பகுதி கழுவுநீரோடு போய்விட்டது. அது உள்ளே இருக்கவில்லை. பெரும்பளிங்கு நிலையில் கட்மியஞ்செலனைட்டு ஏறத்தாழ 50 சதவீதம் வரை மங்கனீசை ஏற்கும் என்பதை நோக்க, இது புதிராகவே தோன்றிற்று. சிறு பளிங்கு மாசைத் தானே வெளியேற்றித் தன்னைத் தூய்தாக்குகின்றது என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. 2006 இல் தல்பியனும் செலிக்கோவ்ஸ்கியும், பளிங்கு சிறுக்கச் சிறுக்க மாசை ஏற்பதற்கு வேண்டிய சத்தி கூடுகின்றது எனக் கணித்து இக்கருத்துக்குக் கொள்கை வடிவம் தந்தனர்.

இதற்கு வேறுபட்ட விளக்கத்தை 2005 இல் எர்வின், எபுரோசு, நொரிசு முதலியோர் முன்வைத்திருந்தனர். இவர்களுள் எபுரோசு 1982 இல் முதற் கொள்கையை வகுத்த சகோதரருள் ஒருவர். நொரிசு 1993 ஆம் ஆண்டு முறையை வெளியிட்டவருள் ஒருவர். நுண்பளிங்குகள் வளரும் வெப்பநிலையில் மாசணு திண்மத்தினுள்ளே எளிதில் நகர இயலாது. ஆகவே அது புகுவதோ வெளியேறுவதோ சமநிலையால் முடிவாவதன்று. வளரும் பளிங்கின் மேற்பரப்பில் மாசணு போதிய நேரம் ஒட்டி நின்றால், அடுத்த படை அதனை மூடிச் சிறைப்படுத்தும். நில்லாது விலகினால் அது கரைசலுக்கே மீளும். ஒட்டும் வலிமை பளிங்கின் கட்டமைப்பையும் அதன் முகத்தையும் பொறுத்தது. நாகசல்பைட்டின் கனசதுரக் கட்டமைப்பிலே ஒருசில முகங்கள் மங்கனீசை வன்மையாகப் பற்றுகின்றன. கட்மியஞ்செலனைட்டு வழமையாகப் பெறும் அறுகோணக் கட்டமைப்பில் அத்தகைய முகங்கள் இல்லை. இவ்விளக்கத்தைக் கொண்டு முன்னர் மாசேற்காதிருந்த நுண்பளிங்குகளையும் மாசேற்கச் செய்தமை இதன் சிறப்பாகும்.

அதே 2005 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஆர்க்கன்சாசுப் பல்கலைக்கழகத்தில் நாராயண் பிரதானும் பெங்கும் இச்சிக்கலைச் செய்முறையால் தீர்க்க முயன்றனர். பளிங்கு உண்டாகும்போது மாசைச் சேர்ப்பதற்குப் பதிலாக, முதலில் மங்கனீசுச் செலனைட்டாலான மிகச் சிறு கருவை ஆக்கி, அதன்மேல் நாகச்செலனைட்டை வளர்த்தனர். செம்பைப் பொறுத்தவரை பளிங்கின் வளர்ச்சியை இடையில் நிறுத்தி, மாசை மேற்பரப்பிற் படியவிட்டு, மீண்டும் வளர்த்தனர். இம்முறையில் மாசு உள்ளே இருப்பது தற்செயலன்று. ஆக்க ஒழுங்கின் விளைவு. இவ்வாய்வின் பயனும் பெரிது. சிறப்பாக ஒளிரும் கட்மியஞ்செலனைட்டு நஞ்சுடையது. நாகச்செலனைட்டில் கட்மியம் இல்லை. மேலும், மாசு வெளிவிடும் ஒளியின் சத்தி, பளிங்கு உறிஞ்சும் ஒளியின் சத்தியினும் மிகக் குறைவு. ஆதலின் வெளிவிட்ட ஒளியை அயலிலுள்ள பளிங்குகள் மீள உறிஞ்சுவதில்லை.

ஒளியூக்கலின் பாதை

ஒளியூக்கலின் வரலாறு வேறொரு பொருளைச் சுற்றி வளர்ந்தது. 1972 இல் யப்பானியரான புஜிசீமாவும் ஹொண்டாவும் தைத்தேனியமீரொட்சைட்டை ஒரு மின்வாயாகவும் பிளாற்றினத்தை மற்றையதாகவும் கொண்டு, ஒளியால் நீரை ஒட்சிசனாகவும் ஐதரசனாகவும் பிரித்ததை வெளியிட்டனர். மலிவும் நிலைப்பும் நஞ்சின்மையும் உடைய இப்பொருளுக்கு ஒரு குறை உண்டு. அதன் சத்தி இடைவெளி 3 இலத்திரன்வோற்றிலும் சற்றுக் கூடியது. ஆகவே ஊதாக்கடந்த ஒளியையே அது ஏற்கும். பூமியை அடையும் சூரிய ஒளியில் அப்பகுதி நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்தே. இடைவெளியினுள் மாசினாற் படியொன்றை அமைத்துக் கட்புல ஒளியையும் ஏற்கச் செய்யலாம் என்பது பலரின் எண்ணமாயிற்று.

பார்கவாவின் கட்டுரை வெளிவந்த அதே 1994 இல், கலிபோணியாத் தொழினுட்ப நிறுவகத்தில் சொய், தேர்மின், ஹொப்மன் ஆகியோர் 2 முதல் 4 நனோமீற்றர் பருமனுடைய தைத்தேனியமீரொட்சைட்டுத் துணிக்கைகளில் 21 உலோக அயன்களைத் தனித்தனியே புகுத்தி ஒப்புநோக்கினர். குளோரோபோமை ஒட்சியேற்றுவதும் காபன் நாற்குளோரைட்டைத் தாழ்த்துவதும் அவர்களின் சோதனைகள். 0.5 சதவீத அளவில் மூவலுவளவு இரும்பு, மொலிப்தினம், உருதேனியம், வனேடியம் முதலியன தாக்கத்தைக் கூட்டின. கோபாற்றும் அலுமினியமும் குறைத்தன. மாசு இலத்திரனையோ துளையையோ சிறிது நேரம் பற்றிவைத்துப் பின் மேற்பரப்புக்கு விடுமாயின் நன்மை. பற்றியதை விடாது அங்கேயே இரண்டையும் கூடச் செய்யுமாயின் தீமை. ஒளிர்வில் நன்மை செய்யும் மாசு ஒளியூக்கலில் நன்மை செய்ய வேண்டியதில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

2001 இல் அசாகியும் பிறரும் ஒட்சிசனின் இடத்தில் நைதரசனைப் புகுத்திய தைத்தேனியமீரொட்சைட்டு 500 நனோமீற்றருக்குக் குறைந்த கட்புல ஒளியிலும் தொழிற்படுகின்றது எனக் காட்டினர். நைதரசன் உண்மையில் ஒட்சிசனின் இடத்திலா, அன்றிச் சாலகத்தின் இடைவெளியிலா நிற்கின்றது என்னும் விவாதம் உடனே எழுந்தது. நாகசல்பைட்டிலும் இதே முயற்சி நிகழ்ந்தது. அகிகிக்கோ குடோவின் குழுவினர் 1999 இலும் 2000 இலும் முறையே செம்பையும் நிக்கலையும் ஏற்ற நாகசல்பைட்டுத் தூள்கள் கட்புல ஒளியில் ஐதரசனை விடுவிப்பதைக் காட்டினர். துளைகளை ஏற்பதற்குச் சல்பைற்று முதலிய பொருள்களைக் கரைசலில் வைத்தமையால் இது நீரை முற்றாகப் பிரித்தலன்று. எனினும் செம்மஞ்சள் ஒளிக்கும் பச்சை ஒளிக்கும் பெயர்பெற்ற பளிங்கு ஒளியூக்கியாகவும் மாறலாம் என்பதை அது உணர்த்திற்று.

ஒளிர்வுத் துறையிலே அளவீட்டுச் சாளரம் எத்தகைய மயக்கத்தைத் தந்ததோ, அத்தகைய மயக்கத்தை ஒளியூக்கற் துறையிலே சாயங்கள் தந்தன. ஊக்கியின் ஆற்றலை அறிய மெதிலீன் நீலக் கரைசலின் நிறம் மங்குவதை அளப்பது எளிய வழி. ஆனால் மெதிலீன் நீலம் தானே கட்புல ஒளியை உறிஞ்சுவது. உறிஞ்சிய சாயம் தன் இலத்திரனைக் குறைகடத்திக்குக் கொடுத்துத் தானே சிதையலாம். அப்போது நிறம் மங்கியதற்குக் காரணம் மாசு உறிஞ்சிய ஒளியா, சாயம் உறிஞ்சிய ஒளியா? 2006 இல் ஒத்தானியும் பிறரும் இவ்வினாவையே தலைப்பாக்கி, கட்புல ஒளிச் சோதனைக்கு மெதிலீன் நீலம் தகுந்த பொருளன்று எனச் சான்றுடன் காட்டினர். தாக்கம் எந்த அலைநீளத்தில் நிகழ்கின்றது என்பதை அலைநீளந்தோறும் அளந்து, அது குறைகடத்தியின் உறிஞ்சலோடு ஒத்துச் செல்கிறதா, சாயத்தின் உறிஞ்சலோடு ஒத்துச் செல்கிறதா என நோக்குவதே நேரிய வழி.

நமது ஆய்வுகூடங்களுக்கு இதன் பொருள்

இத்துறை நம்மோடு தொடர்பற்றதன்று. தைத்தேனியத்தின் தாதுவாகிய இல்மனைட்டு புல்மோட்டைக் கடற்கரை மணலில் மிகுந்துள்ளது. கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் கீர்த்தி தென்னக்கோனும் அவர் குழுவினரும் தைத்தேனியமீரொட்சைட்டின் ஒளிரசாயனத்தை ஆராய்ந்து, 1995 இல் செப்பயடைட்டைத் துணையாகக் கொண்ட சாயமூட்டிய திண்மச் சூரியக்கலத்தை உலகுக்கு அறிவித்தனர். பெருஞ்செலவின்றியும் முதற்றரமான வினாக்களை எழுப்பலாம் என்பதற்கு அது சான்று.

ஆயினும் மலிவான ஆக்கத்தில் ஓர் இடர் உண்டு. முகவையொன்றில் இரண்டு கரைசல்களைக் கலந்து வீழ்படிவைப் பெற்று, மங்கனீசு 2 சதவீதம், செம்பு 3 சதவீதம் எனப் பெயரிட்டு, ஒளிர்வையோ சாயத்தின் மங்கலையோ அளந்து வெளியிடுதல் எளிது. அச்சதவீதம் முகவையில் இட்டதன் சதவீதமேயன்றிப் பளிங்கிற் புகுந்ததன் சதவீதமன்று. பளிங்கை நன்கு கழுவிய பின்னர் எஞ்சிய மாசைப் பகுத்தறிதல், மாசு தனித்து நிற்கிறதா கூட்டமாக நிற்கிறதா எனப் பரிவளவீட்டாற் சோதித்தல், மாசூட்டாத பளிங்கை அதே முறையில் ஆக்கி ஒப்புநோக்குதல், ஒளிர்வின் தேய்வைக் குறுகிய எல்லையிலும் நெடிய எல்லையிலும் அளத்தல், ஒளியூக்கலுக்கு நிறமற்ற பொருளொன்றையும் சோதனைக்கு எடுத்தல் என்பன பெரும் பணத்தை வேண்டும் செயல்களல்ல. தன்னிடம் இல்லாத கருவிக்குப் பிற பல்கலைக்கழகமொன்றின் உதவியை நாடுதலும் இழுக்கன்று.

முடிவுரை

பொலோனாக் கல்லின் ஒளிக்குக் காரணமான செம்பைக் கண்டறிய நானூறு ஆண்டுகள் சென்றன. நுண்பளிங்கிலே மங்கனீசின் ஒளி விரைந்து தேய்வதன்று என அறிய நான்கு ஆண்டுகளே சென்றன. இவ்விரு கால அளவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு கருவிகளால் மாத்திரம் வந்ததன்று. ஒருவர் கூறியதைப் பிறிதொருவர் தம் கையால் ஆக்கி அளந்து பார்க்கும் வழக்கம் வேரூன்றியதாலும் வந்தது. மாசூட்டிய நுண்பளிங்குகளின் ஆய்வு இன்றும் முற்றுப்பெறவில்லை. மாசணுக்களை எண்ணிப் புகுத்தும் முறைகளும், ஒளிர்வுக்கும் ஒளியூக்கலுக்கும் ஏற்ப அவற்றைத் தேர்ந்தெடுக்கும் கொள்கைகளும் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. இத்துறையிற் புகும் மாணவர் கருவியை இயக்கக் கற்பதற்கு முன்னர், இட்டது எவ்வளவு, புகுந்தது எவ்வளவு என்னும் வினாவைக் கேட்கப் பழகுவாராயின் அதுவே நல்ல தொடக்கமாகும்.